ஓய்வூதியத்தில் ஒளிந்திருக்கும் ஊதியம்

அக்காள் மகளுக்குச் சென்ற ஆண்டு முதல் வேலை கிடைத்தது, ஒரு தனியார் நிறுவனத்தில். கையோடு ஓய்வூதியக் கணக்கு ஒன்று தொடங்கிவிடு என்றேன். "அதெல்லாம் கவர்மென்ட் ஆளுங்களுக்குத்தானே மாமா?" என்றாள். அவள் மேல் பிழையில்லை. அந்தச் சொல்லை நாம் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோம்.

ஓய்வு என்பதில் சிக்கல் எதுவும் இல்லை. மழை ஓய்கிறது, கை கால் ஓய்கிறது, வேலையும் ஒருநாள் ஓய்கிறது. கவனிக்க வேண்டியது ஊதியம். இன்று அதற்குச் சம்பளம் என்று பொருள்: ஊதியக் குழு, ஊதிய உயர்வு, ஊதியமில்லா விடுப்பு. ஆனால் திருக்குறளைப் புரட்டினால் ஓரிடத்திலும் இந்தப் பொருள் இல்லை. அங்கே ஊதியம் என்றால் ஆதாயம், இலாபம். பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில், 449-ஆம் குறளில், அது முதல் என்ற சொல்லோடு சேர்ந்தே வருகிறது. கையில் முதல் வைத்திராத வணிகனுக்கு ஊதியம் எங்கிருந்து வரும் என்பது அங்குள்ள உவமை. தெரிந்து செயல்வகையின் முதற்குறள் இன்னும் நுட்பமானது. ஒரு காரியத்தில் இறங்குமுன் அதில் அழியப் போவது எவ்வளவு, ஆகப் போவது எவ்வளவு, பின்னால் நிற்கும் ஊதியம் எவ்வளவு என்று மூன்றையும் எண்ணச் சொல்கிறது. இது கூலிக்காரர் கணக்கன்று, முதல் போட்டவர் கணக்கு.

ஊதுதல் என்ற வினைக்குப் பருத்தல் என்றும் பொருள் உண்டு. உடம்பு ஊதிவிட்டது என்கிறோமே, அதுதான். போட்ட முதல் பருத்து வருவதால் ஊதியம் என்று கொள்ளவே எனக்குப் பிடிக்கும். உழைப்பை முதலாகப் போட்டுப் பெறும் ஆதாயம் என்ற வழியில் அது சம்பளத்தையும் குறிக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

பென்ஷனின் கதை வேறு. இலத்தீனில் எடை போடுதலையும் பணம் செலுத்துதலையும் ஒருங்கே குறித்த வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், வெள்ளைக்காரர் ஆட்சியோடு நம் ஊருக்கு வந்த சொல் அது. அதற்குப் பழைய தமிழாக்கம் ஒன்று உண்டு: உபகாரச் சம்பளம். மேலிடத்தார் மனமிரங்கிக் கொடுப்பது என்ற தொனி அதில் இருக்கிறது. ஓய்வூதியம் என்று மாற்றியவர்கள் அந்தத் தொனியை அகற்றியது பெரிய காரியம். ஆனாலும் அவர்கள் மனதில் இருந்த ஊதியம் சம்பளம்தான். வேலை நின்ற பிறகும் நிற்காமல் வரும் சம்பளம்.

அந்த ஏற்பாடு மாறிவிட்டது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல், முப்படையினர் நீங்கலாக, தேசிய ஓய்வூதியத் திட்டம். 2009 மே 1-ஆம் தேதி அதே திட்டத்தின் கதவு எல்லாக் குடிமக்களுக்கும் திறந்தது. இந்தத் தேசியத் திட்டத்தில் மாதா மாதம் போடும் பணம் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போகிறது. சந்தை இறங்கினால் அதுவும் இறங்கும். கடைசியில் சேர்ந்திருப்பது முதலும் அதன் பெருக்கமும். அரசு ஊழியர்கள் இழந்த உறுதி சிறிதன்று. அவர்கள் போராட்டத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லின் பக்கம் நின்று பார்த்தால், ஊதியம் தன் பழைய பொருளுக்குத் திரும்பியிருக்கிறது. உறுதி என்று எதுவுமே இல்லாத என் அக்காள் மகளுக்கு இந்தப் பழைய பொருள்தான் தேவை.

அவளிடம் அழுத்திச் சொன்னது கட்டணத்தைப் பற்றி. 2021 ஏப்ரலில் வந்த விகிதப்படி தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நிதி மேலாளர் எடுக்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் அப்போது ஆண்டுக்கு 0.09 சதவீதமாக இருந்தது. லட்ச ரூபாய்க்கு 90 ரூபாய். 2 சதவீதம் எடுக்கும் ஒரு நிதியில் அதுவே 2,000 ரூபாய். இரண்டிலும் முதலீடு ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்வதாக வைத்துக் கணக்குப் போட்டோம். 30 ஆண்டில் ஒரு லட்சம், முதல் இடத்தில் ஏறக்குறைய 17 லட்சம்; மற்றதில் 10 லட்சம். ஏழு லட்சத்தைத் தின்றது அந்த 2 சதவீதம். பேனாவைக் கீழே வைத்தவள், மறுபடி எடுத்து இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். அதே விடைதான் வந்தது.

வேறு ஊர்த் தமிழர் வைத்த பெயர்களையும் அவளுக்குச் சொன்னேன். சிங்கப்பூரில் 1955 முதல் நடக்கும் கட்டாயச் சேமிப்புக்கு மத்திய சேமநிதி என்று பெயர். இலங்கையில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது ஊழியர் சேமலாப நிதி. சேமம், லாபம் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துக் கட்டிய இலங்கைத் தமிழர் மீது எனக்குத் தனி மதிப்பு. பழைய ஊதியத்தின் பொருளை வேறு சொல்லால் அவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆதார் எண்ணைக் கொண்டு வீட்டிலிருந்தே கணக்கைத் தொடங்கினாள். முதலில் போட்டது 500 ரூபாய். பன்னிரண்டு இலக்க எண் ஒன்று வந்தது. பிரான் நம்பர் என்கிறார்கள். வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த எண் மாறாது. சில மாதம் கழித்துக் கணக்கு விவரத்தை எடுத்து வந்து ஒரு வரியைச் சுட்டினாள். பதிவேட்டுக் கட்டணத்துக்காக அவளுடைய யூனிட்டுகளில் சிறு துளி கழிக்கப்பட்டிருந்தது.

"இதுதான் அழியறதா மாமா?" என்றாள்.

ஆமாம் என்றேன். ஆவது எந்த வரி என்று தேடத் தொடங்கினாள்.