கல்கத்தாவில் வேர்விட்ட உளவியல்

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உளவியலுக்கெனத் தனித் துறை முதலில் அமைந்தது கல்கத்தாவில், 1916ஆம் ஆண்டு. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த பிரஜேந்திரநாத் சீல் ஒரு மெய்யியல் பேராசிரியர். துறையின் பொறுப்பை ஏற்ற நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்று திரும்பியவர். 1921இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் போனார் சீல். அவர் பதவியில் இருக்கும்போதே, 1924இல், அங்கும் உளவியல் துறை பிறந்தது. லண்டனில் ஸ்பியர்மேனிடம் பயிற்சி பெற்ற எம்.வி. கோபாலசுவாமி அதை நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முறை 1943இல் வந்தது.

கல்கத்தாத் துறையின் தொடக்கக்கால மாணவர்களில் ஒருவரைப் பற்றி இம்மலரில் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். அவர் கிரீந்திரசேகர் போஸ். 1910இல் மருத்துவப் பட்டம் பெற்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வைத்தியத் தொழிலுக்கு நடுவே மாணவராகச் சேர்ந்து, 1917இல் உளவியலில் முதுகலை முடித்தார். நனவிலி மனத்தின் அமுக்கம் பற்றிய ஆய்வேட்டுக்கு 1921இல் டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. உளவியலில் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று அளித்த முதல் முனைவர் பட்டம் அதுவே.

நூலாக வந்த அந்த ஆய்வேட்டை வியன்னாவில் இருந்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு அனுப்பினார் போஸ். இருவரிடையே பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து நடந்தது. நேரில் மட்டும் சந்திக்கவே இல்லை. 1922இல், பார்சிபாகான் சந்தில் இருந்த தம் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் முதல் உறுப்பினர் பதினைந்து பேரில் பெரும்பாலோர் உளவியலும் மெய்யியலும் கற்பித்த கல்லூரி ஆசிரியர்கள். மற்றவர்களில் அநேகமாக எல்லோரும் மருத்துவர்கள். மனத்தைப் பற்றிய எந்தக் கேள்வியையும் ஒரே துறையின் வேலிக்குள் அடைக்க அந்தக் கூட்டத்தால் முடிந்திருக்காது.

போஸின் உண்மையான பெருமை அவர் ஃபிராய்டோடு கருத்து வேறுபட்ட இடத்தில்தான் இருக்கிறது. மனத்தில் ஒரு விருப்பம் எழும்போதே அதற்கு எதிரான விருப்பமும் உடன் இருக்கிறது. அந்த இரண்டாவது விருப்பமே முதலாவதை அமுக்குகிறது என்பது அவர் கோட்பாடு. தம்மிடம் வந்த இந்திய நோயாளிகளிடம், ஐரோப்பியரிடம் சொல்லப்படும் அளவுக்கு ஆண்மையிழப்பு அச்சம் தென்படவில்லை என்று ஃபிராய்டுக்கே எழுதினார். ஆண்களிடம் பெண்ணாக இருக்கும் விருப்பத்தை இங்கே எளிதாக வெளிக்கொணர முடிகிறது என்றும் சொன்னார். குடும்பமும் பண்பாடும் மாறினால் மனத்தின் கோலமும் மாறுமா என்ற கேள்வியை, அடிமை நாட்டு மருத்துவர் ஒருவர், உளப்பகுப்பாய்வின் தந்தையிடமே பணிவு குறையாமலும் அச்சம் இல்லாமலும் எழுப்பினார். அவருடைய முடிவுகள் எல்லாம் சரியா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் தம் கண்முன் இருந்த நோயாளியை நூலைவிட மேலான சான்றாகக் கொண்டார்; ஆய்வாளருக்கு இதைவிட வேறு தகுதி வேண்டியதில்லை. அதே மனிதர்தான் வங்காளியில் கீதைக்கு உரையும் எழுதினார், புராணங்களையும் ஆராய்ந்தார். ஃபிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குச் சங்கத்தின் சார்பில் போய்ச் சேர்ந்த பரிசு, தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலை.

சென்குப்தா லக்னோ சென்றபின் துறைத் தலைமை போஸிடம் வந்தது. 1940இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தொடங்கியது. அதற்கு இடம் தந்தவர் அவருடைய அண்ணன், பரசுராம் என்ற பெயரில் எழுதிய ராஜசேகர் போஸ். சங்கத்தின் ‘சமீக்ஷா’ இதழ் 1947இல் வெளிவரத் தொடங்கியது. 1953இல் போஸ் காலமானார்.

உளவியல் வகுப்புகளில் ஃபிராய்டுக்கு ஒதுக்கும் நேரத்தில் சிறு பங்காவது போஸுக்குத் தர வேண்டும். அவ்விருவரின் கடிதங்களைச் சங்கம் நூலாகவே வெளியிட்டிருக்கிறது. வங்காளியும் ஆங்கிலமும் அறிந்த தமிழ் ஆசிரியர்கள், அக்கடிதங்களையும் போஸின் முக்கியக் கட்டுரைகளையும் நம் மாணவர்கள் கைக்குத் தமிழில் கொண்டுவந்து சேர்க்க முன்வர வேண்டுமென்று இம்மலர் வழியே கேட்டுக்கொள்கிறேன்.