வேலைநிறுத்தம் செய்து வாங்கிய ராமாயணம்

ஜலந்தருக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம். அக்டோபரில் ஒரு நாள் ஆபீஸ் லீவு என்றார்கள். என்ன விசேஷம் என்று கேட்டால், வால்மீகி ஜெயந்தியாம். வெளியே போனால் மேளதாளத்தோடு ஊர்வலம், டிராக்டரில் ஜோடித்த வால்மீகி படம், வழி நெடுக சாப்பாடு. நம்ம ஊரில் கம்பனுக்குக் கழகம் உண்டு, விழா உண்டு. ஆனால் இப்படித் தெருவே திரண்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஆபீஸில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "டிவி ராமாயணத்தின் கடைசிப் பகுதி யாரால் வந்தது தெரியுமா? இந்த ஊர்க்காரர்களால்தான்" என்றார்.

கொஞ்சம் பின்னால் போகணும். ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தூர்தர்ஷனில் 1987 ஜனவரி 25 அன்று ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. மாம்பலத்தில் எங்கள் தெருவில் டிவி இருந்த வீடுகள் சொற்பம். பாட்டி குளித்து, விளக்கேற்றிவிட்டு வந்து உட்காருவாள். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. "டேய், கதை எனக்குத் தெரியும், நீ பேசாம பாரு" என்பாள். வடக்கே டிவிக்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தார்கள்.

ராமனாக வந்த அருண் கோவிலும் சீதையாக வந்த தீபிகாவும் அதற்கு முன் சாகரின் 'விக்ரம் அவுர் பேதாள்' தொடரில் நடித்தவர்கள். அனுமனாக வந்த தாரா சிங் பஞ்சாப் பயில்வான். 1976இலேயே சினிமாவில் அனுமன் வேஷம் போட்டவர். வேஷம் அவர்களை விடவே இல்லை. தீபிகாவும், ராவணனாக நடித்த அர்விந்த் திரிவேதியும் 1991 தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனார்கள். 2024இல் அருண் கோவிலும் மீரட்டில் ஜெயித்தார். ராமனும் ராவணனும் ஒரே கட்சி என்பது தனி வேடிக்கை :-)

முதலில் 52 எபிசோடுகள் என்றுதான் திட்டம். கிடைத்த வரவேற்பில் இழுத்து இழுத்து 78 ஆனது. 1988 ஜூலை 31 அன்று பட்டாபிஷேகத்தோடு சுபம். எங்கள் பாட்டிக்குப் பரம திருப்தி. உத்தரகாண்டத்தை வீட்டில் படிக்கக் கூடாது, பட்டாபிஷேகத்தோடு புஸ்தகத்தை மூடிவிடணும் என்பது அவள் கட்சி. கம்பனும் அங்கேதான் நிறுத்தினான்; தமிழில் உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பாடியது என்பார்கள். துளசிதாசரும் சீதையைக் காட்டுக்கு அனுப்பும் கதைக்குள் போகவில்லை. ஆக, சாகர் நிறுத்திய இடத்துக்குப் பெரிய ஆட்களின் துணை இருந்தது.

ஆனால் ஜலந்தரின் துப்புரவுத் தொழிலாளிகளுக்கு அது முடிவாகப் படவில்லை. அவர்களில் பெரும்பாலோர் வால்மீகி சமூகத்தார். வால்மீகியைத் தங்கள் குருவாக, பகவானாகவே கும்பிடுகிறவர்கள். பிறந்த ஜாதியை வைத்தே ஊர் அவர்கள் கையில் துடைப்பத்தைக் கொடுத்திருந்தது. உத்தரகாண்டத்தில்தான் வால்மீகி கதைக்குள்ளேயே வருகிறார். கைவிடப்பட்ட சீதைக்கு ஆசிரமத்தில் இடம் கொடுக்கிறார், லவனையும் குசனையும் வளர்க்கிறார், ராமாயணத்தையே அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த ஆசிரமம் இருந்த இடம் அமிர்தசரஸ் பக்கத்து ராம்தீர்த் என்பது இங்கே நம்பிக்கை. நாடே பார்க்கும் கதையை, தங்கள் ஆள் வருகிற கட்டத்துக்கு முன்னால் மூடினால்?

அவர்கள் குப்பை அள்ளுவதை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் வட இந்தியாவின் மற்ற பெரிய நகரங்களுக்கும் பரவியது. ஊர் நாறி நோய் வரும் என்ற பயத்தில் அரசாங்கம் இறங்கி வந்தது. பௌலா ரிச்மன் 1991இல் தொகுத்த 'மெனி ராமாயணாஸ்' நூலில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது. 1988 அக்டோபரில் உத்தர ராமாயணம் ஆரம்பித்தது. குசனாக வந்த பையன் ஸ்வப்னில் ஜோஷி, பின்னாளில் மராத்தி சினிமாவில் பெரிய நடிகர்.

ரசிகர்கள் கதையை வளைத்தது அதோடு நிற்கவில்லை. 2001இல் 'க்யூங்கி சாஸ் பி கபி பஹு தி' தொடரில் மிஹிர் செத்துப்போனதும் ஜனங்கள் போட்ட கூச்சலில் அவனை உயிரோடு கொண்டுவந்தார்கள். அது பிடித்த ஹீரோவுக்காக. ஜலந்தர்காரர்கள் கேட்டது வேறு: கதையில் தங்களுக்கு உள்ள இடம்.

எங்கள் வீட்டில் அந்த அக்டோபரில் பாட்டி டிவியைப் போட விடவில்லை. அவளுக்குக் கதை முடிந்துவிட்டது. அவள் மூடிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் யார் காத்திருந்தார்கள் என்று எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் ராமாயணத்தை மறுபடி போட்டது. ஏப்ரலில் அது முடிந்த கையோடு உத்தர ராமாயணம். நான் ஜலந்தர் ஃபிளாட்டில் உட்கார்ந்து முதல் முறையாக அதைப் பார்த்தேன். நாங்களெல்லாம் வீட்டுக்குள். காலையில் கீழே விசில் சத்தம் கேட்கும். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு குப்பை வண்டியோடு வந்தவர்கள் மட்டும் தெருவில்.