மிளகாய் போட்ட சாக்லேட்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் சுமார் 1,300 ஆண்டுப் பழமையான, மத்திய அமெரிக்காவின் மாயர் குவளை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெண் நின்றபடி, தரையிலுள்ள பாத்திரத்தில் சாக்லேட்டை உயரத்திலிருந்து ஊற்றுகிறாள். நம்மூர் டீ மாஸ்டர் ஆற்றுகிற அதே கைவாகு! இவள் ஊற்றுவது நுரைக்காக.

அந்தச் சாக்லேட்டில் சர்க்கரை கிடையாது. கரும்பே ஸ்பானியர்களோடுதான் அமெரிக்காவுக்குப் போனது.

1631-ல் அந்தோனியோ கொல்மெனெரோ என்ற ஸ்பானிய மருத்துவர் மாட்ரிட்டில் வெளியிட்ட செய்முறை இது: 100 கொக்கோ விதைக்கு 2 மிளகாய், ஒரு கைப்பிடி சோம்பு, ஒரு வனிலா காய், பட்டை, 12 பாதாம், அரை பவுண்டு சர்க்கரை. சர்க்கரை வந்த பிறகும் மிளகாயை விட மனம் வரவில்லை, பாருங்கள். செய்முறையிலுள்ள பட்டைக்கு வருவோம்: அன்று இலங்கைப் பட்டை வணிகம் போர்ச்சுகீசியர் பிடியில். போர்ச்சுகலோ ஸ்பெயின் மன்னரின் கீழ். இன்றும் இலங்கைப் பட்டையை அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்சிகோ ஒன்று.

அரைப்பதில்தான் சூட்சுமம். மூன்று கால் வைத்த சாய்வான அம்மியின் அடியில் தணல் போட்டு, வறுத்த விதையைக் குழவியால் தேய்ப்பார்கள். விதையில் பாதி கொழுப்பு. சூட்டில் அது உருகி, தூள் விழுதாகும். அதை வில்லைகளாகத் தட்டி வைத்து, வேண்டும்போது வெந்நீரிலோ பாலிலோ கரைத்து மர மத்தால் கடைவார்கள்.

1828-ல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது. டப்பாவில் கொக்கோ பவுடர் வந்தது. கலக்குவது சுலபமாயிற்று, ருசியின் கனம் போயிற்று. மெக்சிகோவின் ஒஹாகா வீடுகளிலோ பட்டையும் பாதாமும் அரைத்த வில்லையும் மத்தும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.