பங்கீட்டு அரிசியும் முந்நூறு ரூபா எல்லையும்

இலங்கையின் சமூகநல வரலாறு பற்றிப் பேசும்போது எவ்வளவு அரிசி வழங்கப்பட்டது, அதற்கு எவ்வளவு செலவாயிற்று என்னும் வினாக்களே பெரும்பாலும் முன்னிற்கின்றன. அவ்வரிசியைப் பெறத் தகுதியுடையார் யாவர், அத்தகுதி எதனைக்கொண்டு அளக்கப்பட்டது என்னும் வினாவும் அவற்றுக்குக் குறையாத முக்கியத்துவம் உடையதென்றே நாம் கருதுகின்றோம்.

குடியேற்ற ஆட்சியின் இறுதிக் காலத்தில் இருவேறு தகுதி விதிகள் ஏறக்குறைய ஒருங்கே தோன்றின. 1939ஆம் ஆண்டின் வறியோர் கட்டளைச் சட்டம் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களில் மட்டுமே செயற்பட்டது. உதவி வேண்டுபவர் தமக்கு வேறு கதியில்லை என்பதை அதிகாரிக்கு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பொதுசன உதவிப்பணத்துக்கும் அதுவே நியதி. அப்பணத்தை நம்மவர் இன்றும் 'பிச்சைச் சம்பளம்' என வழங்குவது அவ்விதியின் இயல்பை நன்கு புலப்படுத்தும்.

மற்றையது பங்கீட்டு விதி. 1942இல் பர்மா யப்பானியர் வசமாக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இருந்த அரிசியைப் பகிர்ந்தளிக்கும் பொருட்டு நடைமுறைக்கு வந்த அரிசிப் பங்கீடு எவரிடமும் வறுமையை மெய்ப்பிக்குமாறு கேட்கவில்லை. கூப்பன் புத்தகம் செல்வனுக்கும் உண்டு, கூலியாளுக்கும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தோட்டத் தொழிலாளருங்கூடப் பங்கீட்டுக்கு உரியராகவே இருந்தனர். வாக்குரிமை இழந்தோர் கூப்பனை இழக்கவில்லை என்பது ஈண்டுக் கவனிக்கற்பாலது.

எல்லோர்க்கும் உரியதாயிருந்தமையாலேயே பங்கீட்டில் கைவைத்தல் அரசாங்கங்களுக்கு எளிதாயிருக்கவில்லை. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் மூண்டது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அவரே மீண்டும் பிரதமராயிருந்த 1966இல் இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்தபோது, அவ்வொன்றை இலவசமாகவே வழங்கினார். 1970களின் முற்பகுதியில் வருமானவரி செலுத்துவோர் இலவசப் பங்கீட்டினின்று நீக்கப்பட்டனர். அவர்தம் தொகை சிறிது. எனினும் வருமானம் தகுதியின் அளவுகோலாகப் பங்கீட்டினுள் நுழைந்தது அப்போதேயாம்.

பெருமாற்றம் 1978 ஜனவரியில் நிகழ்ந்தது. ஐவர் கொண்ட குடும்பமொன்றின் மாத வருமானம் 300 ரூபாவுக்கு மேற்படின் பங்கீடு இல்லையென விதிக்கப்பட்டது. குடித்தொகையின் ஏறக்குறைய அரைப்பங்கினர் ஒருங்கே வெளியேறினர். ஆயினும் 1953ஐ ஒத்த எழுச்சி எதுவும் நிகழவில்லை. வெளியேறியோரின் நலனும் உள்ளிருந்தோரின் நலனும் வெவ்வேறாகிவிட்டமையே இதற்கு முதன்மைக் காரணம் என்பது எம் துணிபு. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்தன. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, எட்டு முதல் பன்னிரண்டு வயதினர்க்கு 20 ரூபா, ஏனையோர்க்கு 15 ரூபா என்பன அவற்றின் பெறுமதிகள். விலைவாசி ஏறிற்று, முத்திரையின் பெறுமதியோ நின்ற இடத்தில் நின்றது. சில ஆண்டுகளுள் அதன் கொள்வனவுச் சக்தி ஏறத்தாழ அரைவாசியாகத் தேய்ந்தது. பங்கீட்டில் ஒரு கொத்து என்றும் ஒரு கொத்தே. அதனை விலைவாசி தேய்க்க முடியாது. அரிசி பணமாக மாறியபோது இழக்கப்பட்டது இந்தக் காப்பேயாகும்.

முந்நூறு ரூபா என்னும் எல்லை எங்ஙனம் அளக்கப்பட்டது? விண்ணப்பதாரர் தாமே கூறிய வருமானமே பெரும்பாலும் அடிப்படை. வயலிலும் கடலிலும் உழைப்போரின் வருவாய் பருவத்துக்குப் பருவம் மாறுவது, ஏட்டில் எழுதப்படாதது. அவர்கள் கூறியதை மறுத்துரைக்கக் கிராம சேவகரிடம் சான்று இருந்ததில்லை. தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு. அவரது ஒவ்வொரு நாட்பேரும் துரைத்தனத்தின் செக்றோலில் பதியப்பட்டிருந்தது. கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளையும் பெறும் சம்பளங்களைக் கூட்டியபோது எல்லை கடக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டின் உணவுப் பஞ்சத்தில் மிகுதியான உயிரிழப்பைக் கண்ட அதே மக்களிடையே முத்திரை பெற்றோர் வீதம் ஏனைய பகுதிகளிலும் பார்க்க மிகக் குறைவாயிருந்தது. இதனை இனப்பாகுபாடு என்று மட்டும் கூறி அமைதல் போதாது. விதியின் வாசகத்தில் எவ்வினமும் விலக்கப்படவில்லை; ஏட்டில் எழுதப்பட்ட வறுமை வறுமையாகக் கொள்ளப்படாமற் போயிற்று, அவ்வளவே. அவ்விதியை வகுத்தோர் தோட்டத்தை நினைவிற் கொண்டிருந்தனரா என்பது வேறு வினா.

1989இன் ஜனசவிய, 1995இன் சமுர்த்தி ஆகியவற்றை இங்கு விரித்தல் வேண்டா. அவற்றின் பட்டியல்கள் கட்சிச் சார்புடையன என்ற குற்றச்சாட்டு நெடுங்காலம் நிலவியது. 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023இல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும, கூறப்படும் வருமானத்தை நம்பாது, வீடு, சொத்து, கல்வி, சுகாதாரம் முதலியன சார்ந்த 22 குறிகாட்டிகளைக்கொண்டு குடும்பங்களைத் தரப்படுத்தியது. முதற் பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன. 1939இன் விண்ணப்பதாரர் தம் வறுமையை ஓர் அதிகாரியின் முன் சொல்லி மெய்ப்பித்தார். 2023இன் மேன்முறையீட்டாளரோ ஏற்கெனவே இடப்பட்ட புள்ளிகளுக்கு எதிராக அதனை மெய்ப்பிக்க வேண்டியவரானார்.