நாள் குறித்து வெளிவந்த இயங்குதளம்

பாகான் டத்தோ நேயர்களுக்குத் தென்னை மறுநடவைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. பழைய மரங்கள் காய்த்துக்கொண்டிருக்கும்போதே இடையே கன்றுகளை ஊன்றி, அவை பலன் தரத் தொடங்கிய பிறகு கிழமரங்களைச் சாய்ப்பதும் ஒரு முறை. கணினியின் இயங்குதளத்தை மாற்றுவதிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அது உருவான வரலாற்றை இன்று காண்போம்.

இயங்குதளம் என்பது கணினியின் மற்ற வேலைகளையெல்லாம் தாங்கி நிற்கும் மென்பொருள். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் திறந்த மூல வகையைச் சேர்ந்தது. அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். அதைக் கொண்டு 1993-இல் எழுந்த டெபியன் குழுவினர் தன்னார்வலர்கள். வேலை முடிந்தால்தான் வெளியீடு என்பது அவர்கள் கொள்கை. 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்தது வர 2005 ஜூன் ஆகிவிட்டது.

இதற்கிடையே, 2004 அக்டோபரில், தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய உபுண்டு வெளிவந்தது. டெபியனே அதற்கு அடிப்படை. ஆனால் ஆறு மாதத்திற்கு ஒரு பதிப்பு என்று நாள் குறித்தார்கள். பதிப்பின் எண்ணே ஆண்டும் மாதமுமாக அமைந்தது: முதலாவது 4.10. முடியாத வேலை, பேருந்தைத் தவறவிட்ட பயணியைப் போல, அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கும்.

இதில் ஒரு சங்கடம். ஒவ்வொரு பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் பதினெட்டு மாதங்களே கிடைத்தன. மலேசிய அரசு பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்ததும் அதே 2004-இல்தான். அலுவலகமோ பள்ளிக்கூடமோ ஒன்றரை ஆண்டுக்கொருமுறை எல்லாக் கணினிகளையும் மாற்றியமைக்க ஆள் ஏது?

ஆகவே 2006-இல் நீண்டகால ஆதரவுப் பதிப்பு பிறந்தது. மேசைக் கணினிக்கு மூன்று ஆண்டு, வழங்கிக்கு ஐந்து ஆண்டு திருத்தங்கள் தருவதாக வாக்களித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நாள் தவறாதவர்கள் அதற்காகவே நாள் தவறினார்கள்! ஏப்ரலில் வரவேண்டியது ஜூன் 1-ஆம் நாள் 6.06 என்ற எண்ணுடன் வந்தது. நெடுங்காலம் உழைக்கவேண்டிய பொருளுக்கு ஆறு வாரம் கூடுதலாகச் செலவிட்டது நமக்குச் சரியாகவே படுகிறது. 2012 முதல் இரண்டுக்கும் ஐந்து ஆண்டுகள் ஆயின. இரண்டு ஆண்டுக்கொருமுறை புதியது வருவதால், பழையது மூன்று ஆண்டுகள் கூடவே நின்று பலன் தருகிறது.

இந்த ஆதரவு எளிய வேலையன்று. புதிய நிரலில் கண்ட ஓட்டையை, வேறெதையும் குலைக்காமல், பழைய நிரலிலும் அடைக்கவேண்டும். ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலருக்குப் புதியதை எழுதுவதில் உள்ள ஆசை இதில் வருமா? டெபியன் 2014-இல் தன் பதிப்புகளுக்கும் ஐந்தாண்டு ஆயுள் தர முனைந்தபோது, நிறுவனங்களிடம் பணம் திரட்டி, இந்த ஒட்டுவேலை செய்வோருக்கு ஊதியம் கொடுக்கும் ஏற்பாடும் உடன் வந்தது.