ஆட்டம் காணாத தலை: கனமான கேமராவைத் தாங்கிய ட்ரைபாட் ஹெட்டின் கதை

போன எபிசோட் கேட்டுட்டு ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். பழைய பெரிய ஜூம் லென்ஸ் ஒண்ணு அவர் கைக்கு வந்திருக்கு. கேமராவோட சேர்த்தா 12 கிலோ. "எத்தனை கிலோ தாங்கும்னு போட்டிருக்கிற ட்ரைபாட் ஹெட் வாங்கலாம்?" இதான் கேள்வி. ஒரு வரியில பதில் சொல்லிடலாம், ஆனா அது தப்பான பதிலா போயிடும். ஏன்னா ஹெட்டோட நூறு வருஷத்துக்கு மேலான வரலாற்றில், வெறுமனே தாங்குறது ஒரு பிரச்சினையா இருந்ததே இல்லை. நாலு மரக்கட்டையும் ஒரு இரும்புத் தட்டும் இருந்தாலே எடையைத் தாங்கிடும். நகர்த்தும்போதுதான் தகராறு.

1897, ஜூன் 22. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருஷம் ஆனதைக் கொண்டாடும் ஊர்வலம் லண்டன் தெருக்களில் போகுது. ராபர்ட் பால் என்ற கருவி வடிவமைப்பாளர் அதைப் படம்பிடிக்கணும். அதுவரைக்கும் கேமரா ஒரே திசையைப் பார்த்து நிற்கும், ஆட்கள் அதைத் தாண்டிப் போவாங்க. பால் ட்ரைபாட் மேல சுழலும் தலை ஒன்றைச் செய்தார். ஒரு கைப்பிடியைச் சுற்றினா புழுப்பல்சக்கரம் கேமராவை மெதுவா திருப்பும். அடுத்த வருஷமே அதை விற்பனைக்கும் கொண்டுவந்தார். அந்த மாதிரிக் காட்சிகளை 'பனோரமா'ன்னு சொன்னாங்க. நாம இன்னிக்குச் சொல்ற 'பேன்' அதோட சுருக்கம்தான்.

ஏன் பல்சக்கரம்? அந்தக் காலத்துக் கேமராவுக்கு மோட்டார் கிடையாது. வலது கையால கிராங்கைச் சுத்திக்கிட்டே இருக்கணும். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், அதனால நொடிக்கு இரண்டு சுற்று. அந்தக் கை நின்னா படமும் நின்னுடும். மிச்சம் இருக்கிறது இடது கை மட்டும்தான். அதுல ஒரு சின்னக் கைப்பிடியைச் சுத்தி கேமராவைத் திருப்பணும். ஒரு கை வேகமா, சீரா. இன்னொரு கை மெதுவா, வேறொரு தாளத்தில். தவில்காரங்க இதைக் கேட்டா சிரிப்பாங்க, ஆனா சாதாரண மனுஷனுக்கு இது லேசுப்பட்ட வேலை இல்லை.

பால்கிட்ட வேலை பார்த்த வில்லியம் வின்டன் 1910-ல் தனிக் கம்பெனி ஆரம்பித்தார். பிற்பாடு டிவி ஸ்டூடியோக்களில் பெரிய கேமராக்களைச் சுமந்த வின்டன் ஹெட்கள் அந்த வழியில வந்தவைதான்.

அப்புறம் 1920-களின் கடைசியில் பேசும்படம் வந்தது. கேமராவோட இரைச்சல் மைக்கில் விழக்கூடாதுன்னு அதைச் சத்தம் தடுக்கும் பெட்டிக்குள்ள அடைச்சாங்க. எடை எகிறியது. மூன்று பிலிம் ஓடும் டெக்னிகலர் கேமராவை அந்தப் பெட்டியோட தூக்க ஒரு கூட்டமே வேணும். அதைத் திருப்ப ஹாலிவுட் நம்பியது கியர் ஹெட்டை. இரண்டு சக்கரம்: ஒன்று பக்கவாட்டுக்கு, ஒன்று மேல்கீழுக்கு. கையை விட்டாலும் கேமரா விட்ட இடத்தில் நிற்கும். ஆனா கத்துக்கிறது கஷ்டம். புதுசா வர்ற ஆபரேட்டர் ஹெட் மேல ஒரு டார்ச்சைக் கட்டி, சுவரில் 8 போட்டுப் போட்டுப் பழகணும்.

சரி, ஸ்டூடியோவுக்கு வெளியே? அங்கே உராய்வு ஹெட்தான். உலோகத்தோட உலோகம் உரசும், திருகை இறுக்கினா கனமா திரும்பும். இதுல ஒரு அடிப்படைக் கோளாறு இருக்கு. நிற்கிற பொருளை நகர்த்த வேண்டிய விசை, நகர்ந்துகிட்டு இருக்கிற பொருளுக்குத் தேவையானதை விட அதிகம். அதனால தள்ளுவோம், நகராது. இன்னும் கொஞ்சம் தள்ளுவோம், சட்டுன்னு எகிறும். திரையில் அது ஒரு வெட்டு வெட்டும். கேமரா கனமா இருந்தா அதைக் கட்டிப்பிடிக்க திருகை இன்னும் இறுக்கணும், வெட்டும் இன்னும் பெருசாகும்.

இதுக்குத் தீர்வு எண்ணெயில் கிடைச்சது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே கெட்டியான திரவம் இருந்தா எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது. மெதுவா திருப்பினா லேசா இருக்கும், வேகமா திருப்பினா பிடிச்சு இழுக்கும். நிற்கிற நிலையில் எதிர்ப்பே இல்லை, அதனால கிளம்பும்போது வெட்டும் இல்லை. முதல்ல செய்தது யார்? ஆஸ்திரேலியாவில் எரிக் மில்லரோட கம்பெனி 1940-களிலேயே திரவ ஹெட்டுக்குக் காப்புரிமை வாங்கியது. அதே காலகட்டத்தில் கலிபோர்னியாவில் சாட்வெல் ஓகானர். இவர் சினிமாக்காரரே இல்லை, பொறியாளர். நீராவி ரயில் பைத்தியம். ஓடும் ரயிலைத் தொடர்ந்து எடுத்த படமெல்லாம் குலுங்குதேங்கிற எரிச்சலில் தனக்காகச் செஞ்சுகிட்ட ஹெட் அது. ஒருநாள் ரயிலை எடுத்துக்கிட்டு இருந்தப்ப, பக்கத்தில் இருந்த இன்னொரு ரயில் பைத்தியம் அதைப் பார்த்துட்டு எனக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டாராம். அவர் வால்ட் டிஸ்னி. கம்பெனி இன்னிக்கும் பெருமையா சொல்ற கதை இது. டிஸ்னியோட பாலைவன ஆவணப்படமான 'தி லிவிங் டெசர்ட்' 1953-ல் வந்து ஆஸ்கரும் வாங்கியது. ஓகானருக்கு அகாடமியின் தொழில்நுட்ப விருது 1975-க்கும், ஆஸ்கர் சிலையே 1992-க்கும் கிடைச்சது. யார் முதல்னு சண்டை போடுறதில் எனக்கு ஆர்வம் இல்லை. ரயிலைப் பார்த்து எரிச்சல்பட்டவர் மேல கொஞ்சம் பாசம் அதிகம், அவ்வளவுதான்.

ஆனா எண்ணெய் பாதிப் பிரச்சினையைத்தான் தீர்த்தது. நம்ம நேயருக்கு மீதிப் பாதிதான் முக்கியம்.

கேமராவோட எடைமையம் சாயும் அச்சுக்கு மேலே இருக்கு. சாய்க்கச் சாய்க்க அது முன்னாடி விழப் பார்க்கும். அவரோட 12 கிலோவையே எடுத்துக்குவோம். எடைமையம் அச்சுக்கு மேல 15 சென்டிமீட்டர், 30 டிகிரி சாய்க்கிறார். 40 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் அவர் கை சுமார் 2.2 கிலோ தாங்கணும், ஷாட் முடியும் வரை. மேட்பாக்ஸ், மானிட்டர்னு ஏத்தி எடைமையம் 25 சென்டிமீட்டருக்குப் போனா அது ஏறக்குறைய 3.7 கிலோ. எடையை நான் மாத்தவே இல்லை, உயரத்தை மட்டும்தான் மாத்தினேன்.

இதை எதிர்த்துத் தள்ளத்தான் உள்ளே ஸ்பிரிங். டிவி ஸ்டூடியோ ஹெட்களில் ஒவ்வொரு கேமராவுக்கும் ஏத்த மாதிரி வளைவா வெட்டின கேம் போட்டாங்க. ஸ்பிரிங் எதிர்விசை கேமராவின் விழுவிசைக்குச் சரியா பொருந்தினா, எந்தக் கோணத்தில் கையை எடுத்தாலும் கேமரா அங்கேயே நிற்கும்.

15 கிலோ தாங்கும்னு அட்டையில் போட்டிருந்த ஒரு ஹெட்டை நானும் வாங்கியிருக்கேன். தாங்கத்தான் செஞ்சது. கைப்பிடியை விட்ட நொடியில் லென்ஸ் மூக்கால விழுந்தது. லென்ஸ் பிழைச்சது, மேட்பாக்ஸ் போச்சு. அதுக்கப்புறம்தான் அந்தப் பக்கத்து வரைபடத்தையே பார்த்தேன்: எடை ஒரு அச்சில், எடைமைய உயரம் இன்னொரு அச்சில். நல்ல கம்பெனிகள் அதைக் கொடுத்திருப்பாங்க. 15 கிலோங்கிறது ரொம்பக் குறைஞ்ச உயரத்துக்கு மட்டும்.

அதனால நேயரே, அடிக்கிற மானிட்டரையெல்லாம் மாட்டி, படமெடுக்கப் போற நிலையில் உங்க கேமராவைக் கடைக்குக் கொண்டுபோங்க. பவுல் அளவு 100 மில்லிமீட்டருக்குக் குறையாம பாருங்க, 75 வேண்டாம். ஸ்பிரிங்கைச் சரிசெஞ்சு, திரவ இறுக்கத்தைப் பூஜ்யத்தில் வச்சு, கீழே சாய்ச்சு கையை எடுங்க. ஆனா கையை லென்ஸ் பக்கத்திலேயே வச்சுக்கோங்க. நின்னா வாங்குங்க. இறுக்கத்தைக் கூட்டினாதான் நிக்குதுன்னா, கடைக்காரர் என்ன தள்ளுபடி சொன்னாலும் வச்சுட்டு வந்துடுங்க.

அடுத்த வாரம் டாலி தண்டவாளம் பற்றிப் பேசுவோம்.