தாம்பரம் எப்படி அருகில் வந்தது?

கடமலைக்குண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "தேனி எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் கணக்கில் பதில் சொல்பவர் அரிது. "ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, கண்டமனூரில் கூட்டம் ஏறினால் இன்னும் கொஞ்சம் ஆகும்" என்பார்கள். தூரத்துக்கு ஓர் அலகு, காலத்துக்கு வேறோர் அலகு என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். அன்றாடம் போய்வருகிறவருக்கோ தூரம் என்பதே காலம்தான். நம் முன்னோரும் 'நாழிகை வழி' என்று தூரத்தைச் சொன்னவர்களே. ஒரு நாழிகை 24 நிமிடம். மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் அதற்குள் 2 கிலோமீட்டர் போய்விடுவார்.

இந்தக் கணக்கை நகரங்களுக்குப் பொருத்திப் பார்த்தவர் செசாரே மார்க்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர். 1994-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: மனிதர்கள் போய்வருவதற்காக நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் செலவிடுகிறார்கள், வாகனம் மாறினாலும் அந்த ஒரு மணி மாறுவதில்லை. போக அரை மணி, வர அரை மணி. கால்நடையாகச் செல்லும் காலத்தில் நகரத்தின் ஆரம் இரண்டரைக் கிலோமீட்டர். வேகம் கூடினால் நேரம் மிச்சமாவதில்லை, ஊர்தான் பெரிதாகிறது! இதை விதி என்றே சொல்லலாமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆயினும் சென்னையின் கதையைப் படிக்க இது நல்ல கைவிளக்கு.

சென்னையில் மின்சார டிராம் 1895-இல் ஓடத் தொடங்கியது, 1953-இல் நின்றது. டிராம் எட்டிய தொலைவுக்கு நகரமும் எட்டியது. 1920-களில் மாம்பலத்தை ஒட்டிய பெரிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நகரம் தெற்கே நடக்கத் தொடங்கியபோது முதலில் மறைந்தது ஒரு நீர்நிலை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது தாம்பரம் நகரத்தோடு ஒட்டாத ஊர். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை அமைத்தார். காசநோயைத் தீர்க்கும் மருந்துகள் பிறக்காத காலம். திறந்த வெளியின் தூய காற்றே சிகிச்சை. 'சானடோரியம்' என்ற ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல காற்றுக்காக நோயாளிகளை அனுப்பிய இடத்துக்கு, சில ஆண்டுகளில் அலுவலகம் செல்பவர்கள் குடியேறத் தொடங்கினார்கள். இடையில் நிகழ்ந்தது என்ன?

1931 மே 11 அன்று சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாயில் 1925-இலேயே மின்சார ரயில் வந்துவிட்டது. ஆனால் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது இந்தியாவில் இங்கேதான் முதல் முறை. 1500 வோல்ட் நேர்மின்னோட்டம் மேலே கட்டிய கம்பி வழியாக வண்டிக்கு வந்தது.

அதே பாதையில் நீராவி வண்டியும் ஓடத்தானே செய்தது, மின்சாரம் என்ன புதுமை செய்துவிட்டது என்று கேட்கலாம். உச்ச வேகம் அல்ல, முடுக்கம்தான் விடை. தண்டவாளத்தில் வழுக்காமல் ஒரு சக்கரம் உந்தக்கூடிய விசைக்கு வரம்பு உண்டு. உந்தும் சக்கரங்களின்மேல் எவ்வளவு எடை அழுத்துகிறதோ அதைப் பொறுத்தது அந்த வரம்பு. நீராவி வண்டியில் எஞ்சினின் சில சக்கரங்களே மொத்தத் தொடரையும் இழுக்க வேண்டும். மின்சார வண்டியிலோ தொடரின் இடையிடையே மின்னோடி பொருத்திய பெட்டிகள் உள்ளன. பயணிகளின் எடையும் சேர்ந்து சக்கரங்களை அழுத்துகிறது. அதிலும் தொடர்ச்சுற்று மின்னோடி, நின்ற நிலையிலிருந்து புறப்படும்போதுதான் மிகப் பெரிய முறுக்குவிசையைத் தருகிறது. சுழற்சி தொடங்காத நிலையில் எதிர் மின்னியக்கு விசை இல்லை. ஆகவே மின்னோட்டம் பெருகிப் பாய்கிறது. அளவு மீறாதபடி தடைகளைச் சேர்த்துக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது என்றால் பாருங்களேன்!

ஒரு கணக்குப் போடுவோம். உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 16.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முடுக்கம் 0.15 மீ/வி² ஆனால் அந்த வேகத்தை எட்ட 111 நொடி ஆகும். 0.45 ஆனால் 37 நொடி போதும். இரண்டு வண்டிகளும் ஒரே உச்ச வேகத்தில் ஓடினாலும், ஒவ்வொரு புறப்பாட்டிலும் மெதுவாகக் கிளம்பும் வண்டி 37 நொடி பின்தங்கும். கடற்கரை முதல் தாம்பரம் வரை இன்றுள்ள நிலையங்கள் 18, புறப்பாடுகள் 17. பத்து நிமிடத்துக்கு மேல் மிச்சம்! நெடுந்தூர வண்டிக்கு இது பொருட்டே அல்ல. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கும் வண்டிக்கு இதுவே எல்லாம்.

இன்னொன்றும் உண்டு. கடைசி நிலையத்தில் நீராவி எஞ்சினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையில் பூட்ட வேண்டும். தண்ணீரும் நிலக்கரியும் நிரப்ப வேண்டும். மின்சார வண்டியில் ஓட்டுநர் இறங்கி மறுமுனை அறைக்கு நடந்தால் போதும். வண்டி உடனே திரும்புவதால் அடுத்தடுத்து வண்டிகள் விட முடிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். கால அட்டவணையைப் பார்க்காமலே வீட்டைவிட்டுக் கிளம்பலாம். ஒரு கிராமம் நகரத்தின் புறநகராவது அந்த நாளில்தான் என்பேன்.

1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வேதியியல் பேராசிரியர் அங்கிருந்த புதர்க்காட்டில் மரங்களை நட்டு வளர்த்தார். 1967-இல் இத்தடம் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது. அதே திறனை அனுப்ப மின்னோட்டம் ஏறத்தாழ 17-இல் ஒரு பங்கு போதும். கம்பியின் தடை மாறாதிருந்தால் வெப்பமாக வீணாவது 280-இல் ஒரு பங்காகக் குறையும். 2004-இல் மீட்டர் கேஜ் வண்டிகள் விடைபெற்று, அகலப் பாதை முழுமையானது. 2021-இல் தாம்பரமே ஒரு மாநகராட்சி ஆயிற்று.

விளிம்பு அங்கே நிற்கவில்லை. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. மாம்பலத்து ஏரியை நினைத்துக்கொண்டேன். ரயில் நிமிடங்களைக் குறைக்கும். தாழ்ந்த நிலத்தை உயர்த்தாது.

நம் பக்கத்துக்கு வருவோம். மதுரை–போடி ரயில் பாதை 1928-இல் வந்தது. தாம்பரத்தின் மின்சார ரயிலுக்கு மூன்றாண்டு மூத்தது! இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். அகலப் பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, தேனி வரை 2022-இலும் போடி வரை 2023-இலும் மீண்டும் திறந்தது. தேனி ஏன் மதுரைக்கு ஒரு தாம்பரம் ஆகவில்லை? தொலைவு ஒரு காரணம். நாளில் விரல்விட்டு எண்ணும் வண்டிகளே ஓடியது அதைவிடப் பெரிய காரணம். வண்டிக்கேற்ப வேலை கிடைப்பதில்லை.

மார்க்கெட்டியின் ஒரு மணி நேரத்தில் எனக்குள்ள ஐயமும் இதுதான். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ஏறக்குறைய 50 நிமிடம். போகவர 100 நிமிடம். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 500 மணி, கிட்டத்தட்ட 21 முழு நாட்கள். கூடுவாஞ்சேரிக்காரருக்கு இன்னும் அதிகம். அவர் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. நகரத்து வாடகையைக் கொடுக்க முடியாதவர் நேரமாகக் கொடுக்கிறார்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அவரவர் பயணத்துக்குப் போடச் சொன்னேன். கடமலைக்குண்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர் 900 மணி என்று எழுதியிருந்தார். தவறு என்று திருத்தப் போனேன். "பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தையும் சேர்த்தேன், சார்" என்றார்.